கணுக்கால் சுளுக்குக் கட்டு: எந்தத் தொல்லைக்கு எதைத் திருத்துவது

கால் பிசகியதும் வீட்டில் முதலில் தைலம் வரும். அடுத்து மருந்துக்கடையிலிருந்து கிரேப் பேண்டேஜ் வரும். வந்த சுருளைப் பிரித்துக் கணுக்காலைச் சுற்றி நான்கைந்து சுற்று இறுக்கிவிட்டு, கூடவே வந்த கொக்கியை மாட்டிவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துப்போகும். இல்லையென்றால் கட்டு கழன்று செருப்போடு இழுபடும். சிலர் "இவனுக்குக் கட்டு ஒத்துக்கொள்ளவில்லை" என்று கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். சிலர் கட்டியாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் அப்படியே வைத்திருக்கிறார்கள். இரண்டாவது வகையினரைப் பார்த்தால்தான் எனக்கு அதிகக் கவலை.

கட்டில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அவிழ்த்து முறையாகக் கட்டினால் தீர்ந்துவிடும். சில மட்டும் கட்டின் குற்றமே அல்ல; காலுக்குள் வேறு ஏதோ நடக்கிறது என்பதன் அடையாளம். எது எந்த வகை என்று பிரித்தறியத்தான் இந்தக் குறிப்புகள்.

## முதலில்: இது வீட்டில் கட்டும் காலா?

சுளுக்கில் பெரும்பாலும் பாதம் உள்பக்கமாக மடங்கும். அப்போது கணுக்காலின் வெளிப்பக்கத்து எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார், நாம் ஜவ்வு என்று சொல்வது, இழுபடும் அல்லது கிழியும். எலும்பு முறிந்தாலும் வீக்கமும் வலியும் ஏறக்குறைய இதேபோலத்தான் இருக்கும். யாருக்கு எக்ஸ்ரே தேவை என்று கண்டுபிடிக்கக் கனடாவின் ஒட்டாவா நகரில் டாக்டர் இயன் ஸ்டீலும் அவர் குழுவினரும் 1992-ல் சில எளிய விதிகளை வெளியிட்டார்கள். இன்றும் பல நாடுகளின் அவசரப் பிரிவுகளில் அவை பயன்படுகின்றன. அவற்றின் சாரம் இது.

அடிபட்ட உடனேயும் இப்போதும் நொண்டிக்கொண்டாவது நான்கு அடி வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடுத்து, கணுக்காலின் இரு பக்கமும் புடைத்து நிற்கும் எலும்பை (இனி இதைக் கணு என்றே சொல்கிறேன்) விரலால் அழுத்திப் பாருங்கள். கணுவின் நுனியிலும், அதன் பின்விளிம்பில் நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரையிலும் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே துருத்தும் எலும்பில் வலிக்கிறதா? உள்பக்கம், பாத வளைவின் மேலே இருக்கும் எலும்பில்? இவற்றில் ஒன்றில் வலித்தாலும் கட்டுவதை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். வெளிக்கணுவுக்குச் சற்று முன்னால், கீழே, மெத்தென்ற சதையில் மட்டும் வலித்தால் அது பெரும்பாலும் ஜவ்வு வலி. பின்விளிம்பு எலும்பின் வலியை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பாதம் கோணியிருந்தாலோ, வெளுத்துச் சில்லிட்டிருந்தாலோ, தோல் கிழிந்திருந்தாலோ அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். தலையணையை மடித்துக் காலுக்கு அணை கொடுத்து அப்படியே கொண்டுபோங்கள். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு முனையில் உள்ள வளர்ச்சிப் பகுதி ஜவ்வைவிட வலுக்குறைவானது. ஆகவே பெரியவர்களுக்குச் சொல்லும் தைரியத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப்போய் எண்ணெய் விட்டு நீவுவதும், பாதத்தைப் பிடித்துச் சுண்டி இழுப்பதும் முதல் சில நாட்களில் கூடவே கூடாது. உள்ளே கிழிந்த நாரிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நேரம் அது. நீவினால் கசிவு கூடும்; முறிவு இருந்தால் எலும்பு விலகும். நீவுபவரின் அனுபவத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விரலால் எக்ஸ்ரே எடுக்க முடியாது.

## சரியான கட்டு எப்படி இருக்கும்

பெரியவர்களுக்கு 10 செ.மீ. அகலச் சுருள் வேண்டும். சிறிய பாதத்துக்கு 8 செ.மீ. போதும். 15 செ.மீ. சுருள் முழங்காலுக்கானது, கணுக்காலில் சுருக்கம்தான் விழும். கொலுசையும் மெட்டியையும் வீக்கம் ஏறுவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டு, பிறகு மெட்டியை வெட்டி எடுக்கும் நிலைக்குப் போகிறவர்கள் நிறைய. இப்போதே இறுகியிருந்தால் காலைச் சிறிது நேரம் உயர்த்தி வைத்து, சோப்பு நீர் தடவிச் சுழற்றிக் கழற்றிப் பாருங்கள்.

காலை நாற்காலியின் மேல் நீட்டி, குதிகால் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி வையுங்கள். விரல்கள் மேல்நோக்கி, பாதம் காலுக்குச் செங்குத்தாக இருக்கட்டும். கட்டி முடியும் வரை இந்தக் கோணம் மாறக் கூடாது.

விரல்கள் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பாதத்தைச் சுற்றி இரண்டு சுற்று. எல்லா விரலும் வெளியே தெரிய வேண்டும். இனி மேற்பாதத்தின் குறுக்கே சாய்வாக ஏறி, கணுக்காலைச் சுற்றி, மறுபடி சாய்வாக இறங்கிப் பாதத்துக்கு அடியில் நுழைந்து எட்டு போடுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் பாதியை மூட வேண்டும். எட்டுகள் மெல்லக் குதிகாலை நோக்கி நகர்ந்து அதை மூடிவிட்டு, கணுவுக்கு மேலே ஒரு கை அகலத்தில் முடிய வேண்டும்.

எவ்வளவு இழுப்பது? துணியை ஒரு சாண் பிடித்து முழுதாக இழுத்துப் பாருங்கள். அது எவ்வளவு நீள்கிறதோ அதில் பாதி இழுவை போதும். அதிலும் விரல் பக்கம் பிடிப்பாகவும் மேலே போகப் போக இளக்கமாகவும் இருக்க வேண்டும். வீக்க நீர் மேலே ஏறிப் போக வழி வேண்டுமல்லவா? மேலே இறுக்கிக் கீழே தளர்த்திய கட்டு அந்த வழியை அடைத்துவிடும். நான் பார்த்த கெட்ட கட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே தவறால் கெட்டவைதான்.

கொக்கிக்குப் பதில் பிளாஸ்திரி ஒட்டுங்கள். கொக்கி குத்தும், கழன்று விழும், கைக்குழந்தை உள்ள வீட்டில் வாய்க்குள்ளும் போகும்.

## விரல் மரக்கிறது, நிறம் மாறுகிறது, சில்லிடுகிறது

இதற்கு எப்போதும் முதல் கவனம். கட்டிய பத்து நிமிடத்தில் ஒரு தடவையும், முதல் நாள் முழுதும் மணிக்கு ஒரு தடவையும் விரலைப் பாருங்கள். பெருவிரல் நகத்தை அழுத்தினால் வெளுக்கும். விட்டால் 2 நொடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். நகத்தில் மருதாணியோ நெயில் பாலிஷோ இருந்தால் நிறம் தெரியாது. விரல் நுனிச் சதையை அழுத்திப் பாருங்கள். சந்தேகம் வந்தால் மற்ற காலிலும் இதையே செய்து ஒப்பிட்டால் விளங்கிவிடும்.

நிறம் மெதுவாகத் திரும்பினாலோ, விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ கொக்கியை மட்டும் தளர்த்திச் சமாளிக்காதீர்கள். கட்டை முழுவதும் அவிழ்த்துவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் பார்த்தும் நிறமும் உணர்ச்சியும் திரும்பவில்லை என்றால் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திரும்பிவிட்டால் காரணத்தைத் தேடுங்கள்.

விரல்கள் எல்லாமே மரத்திருந்தால் இழுவை அதிகம், அல்லது ஒரே இடத்தில் சுற்று மேல் சுற்று விழுந்திருக்கிறது. பெருவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட தோல் மட்டும் மரத்தால், கணுக்காலின் முன்பக்கத்தில் எட்டுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் இறுகியிருக்கிறது. அந்த இடைத்தோலுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு அந்த வழியாகத்தான் இறங்குகிறது. மறுபடி கட்டும்போது வெட்டும் இடம் ஒரே புள்ளியில் குவியாமல் ஒவ்வொரு எட்டையும் சற்று நகர்த்திப் போடுங்கள்.

கட்டியபோது சரியாக இருந்து, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து இறுகுவதும் உண்டு. வீக்கம் ஏறிக்கொண்டே இருப்பதால் கட்டு தானே இறுகுகிறது. முதல் நாளில் இது சாதாரணம். அவிழ்த்து இளக்கமாகக் கட்டினால் போதும்.

## கட்டு நழுவுகிறது

கட்டைப் பாதத்தில் தொடங்காமல் கணுக்காலில் தொடங்கியிருந்தால் கட்டாயம் நழுவும். பாதத்தில் போடும் முதல் இரண்டு சுற்றுகள்தான் அதற்குப் பிடிமானம். தைலம் தேய்த்த தோலில் துணி பிடிக்காது; சோப்பு போட்டுக் கழுவி, விரலிடுக்கு உட்பட நன்றாக ஈரம் ஒற்றிவிட்டுக் கட்டுங்கள். பாதத்தைத் தொங்கவிட்டுக் கொண்டு கட்டியிருந்தாலும் இதே கதிதான்: எழுந்து நின்றதும் பாதம் செங்குத்தாகும், முன்பக்கத்துத் துணி தொளதொளத்துவிடும்.

துணியே தளர்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் சோப்பு போட்டு அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் படுக்கையாகப் பரப்பி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தால் நீண்டுவிடும். பருத்திக் கிரேப் ஓரளவு சுருக்கத்தை மீட்டுக்கொள்ளும். மீளாததைத் தூக்கிப் போடுங்கள்.

## கட்டின் ஓரத்தில் வீக்கம் பிதுங்குகிறது

வீக்க நீர் அழுத்தம் இல்லாத இடம் தேடிப் போகும். குதிகாலில் வட்டமாக ஓர் இடம் மூடப்படாமல் விட்டிருந்தால் அங்கே பிதுங்கும். விரல்கள் மட்டும் பருத்திருந்தால் கட்டு பாதத்தின் நடுவில் தொடங்கியிருக்கும், முன்னே கொண்டுவாருங்கள். கட்டுக்கு மேலே கெண்டைக்கால் பக்கம் வரப்பு மாதிரி எழுந்தால் கடைசிச் சுற்றுகள் இறுகிவிட்டன.

கணுவைச் சுற்றியுள்ள பள்ளத்தில் வீக்கம் தேங்கி வடிய மறுத்தால் ஒரு வழி இருக்கிறது. பழைய வேட்டித் துணியை ஒரு விரல் கனத்துக்கு மடித்து லாடம் போல வளைத்து, வளைவு கணுவுக்குக் கீழேயும் திறந்த பக்கம் மேலேயும் இருக்கும்படி வைத்து அதன்மேல் கட்டுங்கள். துணி கணு எலும்பின் மேல் ஏறாமல் அதைச் சுற்றியுள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். வெறுமனே சுற்றிய கட்டு புடைத்த எலும்பை அழுத்திவிட்டு, வீக்கம் தங்கும் பள்ளத்தைத் தொடாமலே தாண்டிவிடுகிறது. இந்த மடிப்பு அந்தக் குறையைத் தீர்க்கும்.

கூடவே காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்த வேண்டும். முக்காலியில் கால் நீட்டி உட்கார்வது உயர்த்தியதாகாது. படுத்து, கெண்டைக்காலுக்கு அடியில் இரண்டு தலையணை வையுங்கள். ஐஸ் வைப்பதானால் துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் போதும். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-ல் பரப்பியவர் அமெரிக்க டாக்டர் கேப் மிர்க்கின். ஐஸ் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஆகவே ஐஸை வலி குறைக்கும் துணையாக முதல் ஓரிரு நாட்கள் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அதில் எதிர்பார்க்க வேண்டாம். வெந்நீர் ஒத்தடம் இந்த நாட்களில் வேண்டவே வேண்டாம்.

## கட்டிய பிறகு வலி கூடுகிறது

இரவில் மட்டும் கூடினால், தூங்கும்போதும் கட்டோடு இருக்கிறீர்களா என்று பாருங்கள். படுக்கப் போகும்போது அவிழ்த்துவிட வேண்டும். கால் உயரத்தில் இருக்கையில் கட்டுக்கு வேலை இல்லை. தூக்கத்தில் விரல் மரத்தால் உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

ஒரே புள்ளியில் குத்தினால் துணியின் மடிப்போ கொக்கியோ எலும்பின் மேல் விழுந்திருக்கும். முழுக்காலும் விண்விண் என்று தெறித்தால் அவிழ்த்து, உயர்த்தி, அரை மணி நேரம் பாருங்கள். அவிழ்த்த பின்னும் வலி ஏறிக்கொண்டே போவதும், பாதம் கல் போல இறுகியிருப்பதும், ஒருவர் உங்கள் விரலை மெல்ல நிமிர்த்தினாலே உயிர் போவது போல வலிப்பதும் அவசர நிலை. உள்ளே அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள். காலை வரை பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது.

வலி மாத்திரையைப் பொறுத்தவரை பாராசிட்டமால் பெரும்பாலோருக்குப் போதும். சிறுநீரகக் கோளாறு, குடல்புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளை டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

## கட்டு இருந்தும் பாதம் மடங்கப் பார்க்கிறது

சுற்றிய திசையைச் சரிபாருங்கள். பாதம் உள்பக்கமாக மடங்கிப் பட்ட அடி என்றால், கட்டு பாதத்தின் வெளிவிளிம்பை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். அதாவது துணி மேற்பாதத்திலிருந்து உள்விளிம்பு வழியாக இறங்கி, உள்ளங்காலைக் கடந்து, வெளிவிளிம்பில் ஏறி வர வேண்டும், ஏறும்போதுதான் இழுவை. இதைத் தலைகீழாகச் சுற்றினால், ஏற்கெனவே கிழிந்த நாரை ஒவ்வொரு சுற்றும் இன்னும் இழுக்கிறது. கட்டி முடித்து எழுந்து நின்றதும் பாதத்தின் வெளிவிளிம்பு சற்றுத் தூக்கிப் பிடித்ததுபோல் தெரிந்தால் திசை சரி.

ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: கிரேப் பேண்டேஜின் வேலை வீக்கத்தை அடக்குவது. பாதம் மடங்குவதைத் தடுக்கும் வலு அதற்குக் குறைவு. நார் நன்றாகக் கிழிந்த காலுக்கு, இருபுறமும் பட்டையோ தகடோ வைத்த கணுக்கால் உறைதான் துணை. இந்தத் துணிக்கட்டை நம்பிக் கபடி ஆட இறங்கும் பிள்ளைகளைத் தடுங்கள்.

ரப்பர் செருப்பும் இங்கே எதிரிதான். குதிகாலைப் பிடிக்காத செருப்பில் பாதம் தள்ளாடும். பின்வார் உள்ள செருப்போ, நாடா தளர்த்திய ஷூவோ போடுங்கள். வீட்டில் சம்மணம் போட்டு உட்காரும் பழக்கத்தையும் சில வாரம் விடவேண்டும். சம்மணத்தில் பாதம் உள்பக்கமாகத் திரும்பி, கிழிந்த அதே நாரை இழுத்தபடி தரையில் அழுந்துகிறது. பகல் முழுக்கக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டு வேளையில் சம்மணம் போட்டுக் கட்டின் பயனைக் கெடுத்துக்கொள்கிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. குந்தி உட்காரும் கழிப்பறைக்குப் பதில் உட்காரும் கழிப்பறை கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

## தோலில் அரிப்பு, கொப்புளம்

கணுக்காலின் முன்மடிப்பிலும், குதிகாலின் பின்புறம் கெண்டைக்காலை நோக்கி ஏறும் தடித்த நாரான குதிநரம்பின் மேலும்தான் இவை வரும். சுருக்கமில்லாமல் கட்டி, அந்த இரண்டு இடத்திலும் சிறிது பஞ்சு வையுங்கள். தினமும் இரு தடவை அவிழ்த்துத் தோலைப் பார்த்துக் கட்டுங்கள். மஞ்சள் சுண்ணாம்புப் பற்றுப் போட்டு அதன்மேல் இறுக்கிக் கட்டுவது கொப்புளத்துக்கு நேர் வழி. சுண்ணாம்பு தோலை அரிக்கும், கட்டு அதை உள்ளேயே அடைத்து வைக்கும்.

## விரல் வரை கருநீலம் பரவிவிட்டது

பதற வேண்டாம். கசிந்த இரத்தம் கீழ்நோக்கி இறங்கித் தோலுக்கடியில் தெரிகிறது. அடிபடாத விரலடியிலும் குதியோரத்திலும்கூட நிறம் மாறும். பிறகு பச்சை, மஞ்சள் என்று வெளிறி ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மறையும். விரல் சூடாகவும் உணர்ச்சியோடும் இருக்கும்வரை இது கட்டு இறுகியதால் வந்த நீலம் அல்ல.

## கட்டால் தீராதவை

கெண்டைக்கால் வீங்கி, சூடேறி, அழுத்தினால் வலித்தால் நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். கட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108.

அடிபட்டபோது பின்னங்காலில் யாரோ உதைத்ததுபோல் உணர்ந்து, இப்போது அந்தக் காலின் முன்பாதத்தில் எழும்பி நிற்க முடியவில்லை என்றால் குதிநரம்பு அறுந்திருக்கலாம். வலி கணுவுக்கு மேலே இருந்து, முழங்காலுக்குக் கீழே இரு எலும்புகளையும் சேர்த்துப் பிடித்து அழுத்தும்போது கணுக்காலில் வலித்தால், அது மேற்பக்கச் சுளுக்கு. ஆற அதிக நாளாகும். வீட்டுக் கட்டோடு நடமாடக் கூடாது. ஒரு வாரம் ஆகியும் காலை ஊன்ற முடியாதவர்கள், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தாலும், மறுபடி காட்ட வேண்டும்.

## சர்க்கரை நோய் உள்ளவருக்கு

நம் வீடுகளில் இதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். பல ஆண்டு சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கும். கட்டு இறுகினால் மரப்பதும் வலிப்பதும் தெரியாது. மேலே சொன்ன ஒட்டாவா விதிகளும் உணர்ச்சி மங்கிய காலுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அவை வலியை நம்பியே நிற்கின்றன. அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ கால் பிசகி, வலி அதிகம் இல்லை என்கிறார்கள், ஆனால் பாதம் சிவந்து, வீங்கி, மற்ற காலைவிடச் சூடாக இருக்கிறது என்றால், அது எலும்பே நொறுங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம். அந்தக் காலை ஊன்றவிடாமல் டாக்டரிடம் அழைத்துப்போங்கள். கால்களில் இரத்த ஓட்டம் குறைவு என்று முன்பே சொல்லப்பட்டவருக்கு டாக்டரைக் கேட்காமல் இறுக்கக் கட்டுப் போடவே கூடாது.

## வீக்கம் வடிந்துவிட்டது, கட்டை எப்போது விடுவது?

லேசான சுளுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தேறும். நார் பாதி கிழிந்திருந்தால் மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். கட்டு அதுவரை வேண்டியதில்லை. வீக்கம் வடிந்ததும் பகலிலும் சிறிது சிறிதாக விட்டுவிடலாம்.

வலி பொறுக்கும் அளவுக்கு வந்ததுமே கால் பெருவிரலால் காற்றில் அ, ஆ முதல் ஔ வரை எழுதச் சொல்லுங்கள், தினம் இரண்டு மூன்று தடவை. கணுக்கால் எல்லாத் திசையிலும் அசையும். ஊன்றி நிற்க வந்ததும் சுவரோரம் அந்த ஒற்றைக்காலில் 30 நொடி நிற்கப் பழகவேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு. கிழிந்த நாரில், பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகளும் சேதமாகியிருக்கும். அந்த உணர்வைப் பழக்கத்தால்தான் மீட்க முடியும். இதைச் செய்யாமல் மைதானத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு அதே கால் மறுபடி மடங்குகிறது. நேராக ஓடி, வளைந்து ஓடி, அந்த ஒற்றைக்காலில் குதித்து, மூன்றிலும் வலியோ தள்ளாட்டமோ இல்லை என்று தெரிந்த பிறகே விளையாட அனுப்புங்கள்.